இரண்டாவது அடி

முதல் அடியைத் தடுத்ததற்குத்தான் கைதட்டல்.
அதற்குள் பக் தரையில் விழுந்து
யாருடையது என்று தெரியாமல்
அரை நொடி கிடக்கிறது.
என் வேலை அந்த அரை நொடியில்.

சோமனூர், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
காடாத்துணி அடுக்கிய குடோன்.
ஞாயிறு மட்டும் பேல்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு
சக்கர ஷூ கட்டி இறங்குவோம்.
பனிக்கட்டியை நாங்கள் கண்டது
சர்பத் கடையில், மரத்தூளுக்குள்.
ஆட்டம் மட்டும் எப்படியோ
ஒரு செல்போன் வழியாக
சாய்பாளையம் வளைவு தாண்டி வந்துவிட்டது.

மற்ற ஆறு நாளும் நான் தறிக்காரி.
நாலு தறி.
நாடா பாய்ந்து பெட்டிக்குள் போய் நிற்கவேண்டும்.
நின்றால் துணி.
முட்டிவிட்டு அரை அங்குலம் பின்வாங்கினால்
டமார் என்று தறியே நின்றுபோகும்.
அதற்காக இறுக்கிப் பிடிக்கவும் கூடாது,
அடுத்த அடிக்கு அது கிளம்பியாக வேண்டும்.
எத்தனை தோல்பட்டை வைத்தால் போதும் என்பது
என் கைக்குத் தெரியும்.
காலுக்குத் தெரியவில்லை.

பெங்களூரிலிருந்து செகண்ட் ஹேண்டில் வந்த பேடு
பலகை மாதிரி.
பட்டதெல்லாம் கோலின் நடுவாசலுக்கே திரும்பியது.
தையலைப் பிரித்துக் கழிவுப் பஞ்சு அடைத்தேன்.
அப்புறம் பக் காலடியிலேயே செத்து விழுந்தது.
அது இன்னும் மோசம்,
அந்தக் கூட்டத்தில் என் காலடி என்பது
எல்லோருடைய காலடியும்தான்.

கோகிலவாணிதான் கத்தினாள்:
"ஏனுங்க்கா, புடிக்க முடியலீன்னா எனக்குத் தாங்க.
நடுவுல மட்டும் போட்றாதீங்க.
மூலைக்குத் தள்ளுங்க, நானிருக்கறனல்லொ."
திருப்பூரில் ஓவர்லாக் டெய்லர் அவள்.
ஓரம் அடிப்பதுதான் பிழைப்பு.
பாதிப் பஞ்சை வெளியே எடுத்துவிட்டேன்.

ஜெசிந்தா வேறு மாதிரி.
பக்கைப் பார்க்கவே மாட்டாள்.
அதற்கு முதுகைக் காட்டி நின்று,
எதிராளி மட்டைக்கு அடியில் தன் மட்டையைக் கொடுத்து
இரண்டு அங்குலம் தூக்குவாள்.
அவ்வளவுதான்.
அந்த இரண்டு அங்குலத்துக்குக் கீழே
ஒரு கோல் சும்மா உருண்டு போகும்.

ஆடிக் காற்று ஷட்டரை உலுக்கிய ஞாயிறு
கரூர்க்காரிகள் வந்தார்கள்.
அவர்களுடைய பதினேழாம் நம்பர்
வலையைப் பார்த்து அடிப்பதே இல்லை.
என் தூரத்துக் காலைப் பார்த்து அடிப்பாள்.
அவள் கேட்டது கோல் அல்ல,
என்னிடமிருந்து திரும்பி வருவது.
அது வந்து விழும் இடத்தில் ஒரு குள்ளப் பெண்
மட்டையைத் தரையோடு பதித்து,
சந்தையில் விலை படியக் காத்திருக்கும்
தரகன் போல அசையாமல்.

ஒன்று, நெஞ்சுக்கு வந்தது.
தோளைக் குறுக்கி ஜெர்சி மடிப்போடு விழுங்கினேன்.
விசில்.
ஒன்று, தரையோடு.
மட்டையைச் சாய்த்தேன், மூலைக்கு ஓடியது.
கோகிலா ஓரம் அடித்து முடித்தாள்.

ஒன்று,
பேல்களிலிருந்து எழும்பிய பஞ்சு கண்ணில் விழுந்த நேரம்.
பார்க்கவில்லை.
காலில் டக் என்றது, கனமில்லாமல்.
சத்தம் வந்த பக்கம் விழுந்தேன்.
ஜெசிந்தா குள்ளப் பெண்ணின் மட்டையைத்
தூக்கியே பிடித்திருந்தாள், சரியாக, இரண்டு அங்குலம்.
பக் ஜெசிந்தாவின் சக்கரத்தில் பட்டு
அவசரமே இல்லாமல்
கோட்டைத் தாண்டியது.

ஒருத்தரும் பேசவில்லை.
குள்ளப் பெண்தான் குனிந்து
மன்னிப்புக் கேட்பது போல என்னிடம் சொன்னாள்:
"நான் தொடவே இல்லீங்க்கா."

திங்கள் காலை ஆறு மணி ஷிப்ட்.
மூன்றாம் தறியில் நாடா எகிறுகிறது.
தோல்பட்டையைக் கழற்றித் திருப்பி வைக்கும்போது போன்.
"சக்கரத்தக் கழட்டிப் பாத்தனுங்க்கா.
பட்ட எடம் வெள்ளையா இருக்குது."
"இருக்கட்டும்.
அடுத்த தடவ நிக்கறப்ப
காலக் கொஞ்சம் வெளியே சாச்சு வையி."
அவள் ஏதோ சொன்னாள்.
அதற்குள் தறியை ஓட்டிவிட்டேன்.